ஆத்தங்கரையோட சைக்கிள் கேம்பிங்: என்ன கோளாறு வந்தா எங்க கை வைக்கணும்

கல்லணையில ஆரம்பிச்சு காவிரியைத் தொட்டுக்கிட்டே திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறைன்னு பூம்புகார் வரைக்கும் போயி, அங்கேர்ந்து கடலோரமா தெற்கால திரும்பி தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கடைசியா கோடிக்கரை. ஏறக்குறைய 250 கிமீ, மலை கிடையாது, ஊசி வளைவு கிடையாது, பெருசா ஏத்தம்னு சொல்லணும்னா பாலம்தான். இந்த ரூட்டை மனசுல வச்சுத்தான் எழுதுறேன். அஞ்சு நாள் வச்சுக்கிட்டா நிம்மதியா போகலாம், மூணு நாள்லயும் முடிக்கலாம், ஆனா அப்ப ஏன் டென்ட் எடுத்துட்டு போறீங்கன்னு நான் கேப்பேன்.

பேக்கிங் லிஸ்ட் நெட்ல ஆயிரம் கிடக்கு, அதனால அதை விட்டுட்டு கோளாறு வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு எது வந்திருக்கோ அதை நேரா போய் பாருங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், இந்த மாதிரி ட்ரிப்ல கோளாறு தெரியுற இடம் ஒண்ணு, அது பொறந்த இடம் வேற. மூணாம் நாள் மயிலாடுதுறை பக்கம் உடையுற சக்கரக் கம்பி வீட்ல மூட்டை கட்டுனப்பவே பாதி உடைஞ்சிருக்கும். அதனால கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி முழு லோடோட உங்க ஊர்லேர்ந்து ஒரு 40 கிமீ போயி, தெரிஞ்சவங்க தோப்புலயோ மொட்டைமாடியிலயோ டென்ட் அடிச்சு ஒரு ராத்திரி தூங்கி திரும்பி வாங்க. கீழ இருக்கிறதுல பாதி அந்த ஒரு ராத்திரியிலயே வெளிய வந்துடும், அங்க வந்தா சரி பண்ண கடை பக்கத்துல இருக்கு.

நினைச்ச தூரத்துல பாதி கூட ஓடல

முதல்ல காத்து. தை, மாசியில போறீங்கன்னா (அதுதான் நல்ல சீசன், மழை ஓஞ்சிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது) காலையில காத்து அடங்கி இருக்கும், உச்சி வெயிலுக்கு அப்புறம் கடல் பக்கத்துலேர்ந்து எதிர்க்காத்து எழும்பும். நீங்க போறது கிழக்க, காத்து வர்றதும் கிழக்கேர்ந்து. மயிலாடுதுறை தாண்டினதும் சமதளத்துலயே மலை ஏறுற மாதிரி மூச்சு வாங்கும், கியர் கோளாறோ பிரேக் உரசுதோன்னு இறங்கி இறங்கி பாப்பீங்க, ஒண்ணும் இருக்காது. வெளிச்சம் வந்தவுடனே கிளம்பி 11 மணிக்குள்ள அன்னைக்கு தூரத்துல முக்கால்வாசியை முடிச்சுடணும், மிச்சத்தை சாயங்காலம் 4 மணிக்கு மேல உருட்டிக்கலாம். தை மாசத்துல காலையில பனி மூட்டம் அடர்த்தியா இருக்கும், பின்னாடி சிவப்பு லைட் எரியாம மெயின் ரோடு ஏறவே ஏறாதீங்க, கரும்பு லாரிக்காரருக்கு நீங்க தெரியவே மாட்டீங்க.

ரெண்டாவது, மேப். டெல்டாவுல மேப் பாத்து தூரம் கணக்கு போடுறது ஒரு தனி வித்தை. "இதோ 3 கிமீல ஊர் இருக்கே"ன்னு தெரியும், அந்த ஊர் ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும், பாலம் இன்னும் 7 கிமீ தள்ளி இருக்கும். கல்லணையிலயே காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம்னு பிரியுது, திருக்காட்டுப்பள்ளிகிட்ட குடமுருட்டி தனியா கிளம்புது, கீழ வர வர கிளை மேல கிளை. கொள்ளிடத்தைத் தாண்டணும்னா சும்மா தோணுன இடத்துல தாண்ட முடியாது, அகலம் அப்படி, அணைக்கரை மாதிரி பெரிய பாலங்களை நம்பித்தான் பிளான் போடணும். அதனால ராத்திரி தங்குற இடத்தை எப்பவும் நீங்க ஓட்டிட்டு வர்ற கரையிலயே வச்சுக்கோங்க. இது ஒண்ணைப் பண்ணாலே சாயங்கால டென்ஷன் பாதி போயிடும்.

மூணாவது, கரை ரோடு. பாக்க அழகு, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழை, தலைக்கு மேல புளியமரம். ஆனா தாரும் மண்ணும் மாறி மாறி வரும், மண்ணுல லோடோட மணிக்கு 10 கிமீ போனாலே பெருசு. வெறும் சைக்கிள்ல நீங்க போற ஸ்பீடை வச்சு கணக்கு போட்டா கண்டிப்பா உதைக்கும். முதல் நாள் 40 கிமீக்கு மேல வேணாம், அப்புறம் 50, 55. திருவையாறுல அசோகா அல்வா சாப்பிட நின்னா அரை மணி, கோயிலுக்குள்ள போனா ஒரு மணி, அதுவும் கணக்குல வரணும்ல.

ஹேண்டில் ஆடுது, பின்னாடி வால் மாதிரி இழுக்குது

லோடு மேல இருக்கு, அவ்வளவுதான் விஷயம். கேரியர் மேல டென்ட், அது மேல பை, அது மேல ஈரத்துண்டுன்னு கோபுரம் கட்டி எலாஸ்டிக் கயிறு போட்டு இழுத்திருப்பீங்க. கனமானது எல்லாம் (தண்ணி, டூல்ஸ், பவர்பேங்க்) சைடு பைக்குள்ள அடியில போகணும், ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும், கையில தூக்கிப் பாத்தாலே தெரியும். மேல டென்ட்டும் மேட்டும் மட்டும். டென்ட் கம்பியை தனியா எடுத்து ஃப்ரேம்ல கட்டிடலாம். முன்னாடி ஹேண்டில்ல ஒரு சின்ன பை, ரெண்டு கிலோ இருந்தா போதும், ஆட்டம் நிறைய குறையும்.

இதெல்லாம் பண்ணியும் ஆடுதுன்னா கேரியர் போல்ட்டை பாருங்க. சின்ன எம் 5 போல்ட்டுதான் அவ்வளவு எடையையும் தாங்குது, கரை ரோடு அதிர்வுல ஒரே நாள்ல லூஸ் ஆகும். தினம் காலையில டீ குடிக்கிறதுக்கு முன்னாடி 4 எம்எம் ஆலன் கீ போட்டு ஒரு கால் சுத்து முறுக்கம் இருக்கான்னு பாத்துடுங்க, நாலு போல்ட்டு ஸ்பேர் வச்சுக்கோங்க. போல்ட் விழுந்து தொலைஞ்சு கையில ஒண்ணும் இல்லைன்னா பாட்டில் ஸ்டாண்டுல இருக்கிற போல்ட்டும் பெரும்பாலும் அதே சைஸ்தான், அதைக் கழட்டி மாட்டுங்க, பாட்டிலை பையில போடுங்க.

மொத்த சாமான் எடை 12 கிலோவைத் தாண்டுச்சுன்னா பையைக் கொட்டி ஒவ்வொண்ணா கேள்வி கேளுங்க. இந்த ரூட்டுக்கு அடுப்பு, காஸ், சட்டி எதுவும் வேணாம்ங்கிறது என் கட்சி. விடிகாலையிலயே டீக்கடை திறக்குது, 7 மணிக்கு இட்லி கிடைக்குது, கும்பகோணத்துல டிகிரி காபி இருக்கு, அங்க போயி நூடுல்ஸ் கிண்டுறது எதுக்கு. காஸ் சிலிண்டரை திரும்பி வரும்போது ட்ரெயின்லயும் ஏத்தக் கூடாது. கனமான ஸ்லீப்பிங் பேகும் வேணாம், ஒரு போர்வை போதும்.

பஞ்சர் ஒட்டுறேன், மறுநாள் காலையில மறுபடி காத்து இறங்கிக் கிடக்கு

இதுதான் இந்த ரூட்டோட நம்பர் ஒன் பிரச்சனை, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தாலே காரணம் தெரிஞ்சிடும், அதனால டியூபைக் கழட்டும்போது வால்வு டயர்ல எந்த இடத்துல இருந்துச்சுன்னு ஒரு பேனா கோடு போட்டு வச்சுக்கோங்க, அப்பதான் டியூப் ஓட்டையை டயர்ல அதே இடத்தோட பொருத்திப் பாக்க முடியும்.

ரோட்டைப் பாத்த பக்கம் ஒரே ஒரு பொடி ஓட்டைன்னா அது முள்ளு. கரையில நெருஞ்சி, கடலோரம் போகப் போக காட்டுக்கருவை. கருவை முள்ளு டயருக்குள்ள போயி நுனி மட்டும் உடைஞ்சு தங்கிடும், வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. நீங்க ஒட்டி மாட்டி காத்தடிச்சதும் அந்த நுனி சத்தமில்லாம மறுபடி அதே வேலையைப் பாக்கும், 10 கிமீ நல்லா போகும், ராத்திரி முழுக்க மெதுவா இறங்கும். வெறும் விரலை வச்சு டயர் உள்பக்கம் வேகமா தேய்க்காதீங்க, விரல் கிழியும். ஒரு துண்டு பஞ்சோ பழைய பனியன் துணியோ எடுத்து உள்ளுக்குள்ள ஒரு சுத்து தேய்ச்சுட்டு வாங்க, நூல் எங்க மாட்டுதோ அங்க முள்ளு இருக்கு. அதை உள்ளேர்ந்து வெளிய தள்ளணும், வெளியிலேர்ந்து நோண்டுனா இன்னும் உள்ள போகும். நக வெட்டி இருந்தா அதால பிடிச்சு இழுங்க, ட்வீசரைவிட அது நல்லா வேலை செய்யுது.

பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை, பாம்பு கடிச்ச மாதிரி இருந்தா காத்து கம்மி. பாலத்துல ஏறுற இடத்துல இருக்கிற விளிம்புல ரிம் இடிச்சு டியூபை நசுக்கியிருக்கு. லோடோட போகும்போது பின் டயருக்கு முன் டயரைவிட கூட காத்து வேணும், 40 எம்எம் அகல டயர்னா பின்னாடி 55 முதல் 60 பிஎஸ்ஐ, முன்னாடி 45 முதல் 50 போதும், ஆனா டயர் சைடுல எழுதியிருக்கிற அளவைத் தாண்டாதீங்க. கல்லு மாதிரி அடிச்சுட்டு மண்ரோட்ல போனா கை மரத்துப் போகும், அது வேற கோளாறு.

ரிம்மைப் பாத்த உள்பக்கம் ஓட்டைன்னா முள்ளைத் தேடாதீங்க, ரிம் டேப் (ரிம்முக்குள்ள கம்பித் தலைகளை மூடுற பட்டை) நகந்து போக்ஸ் கம்பி தலையோ ஓட்டை விளிம்போ குத்துது. அவசரத்துக்கு இன்சுலேஷன் டேப் ரெண்டு சுத்து. வால்வு அடியிலயே கிழிஞ்சிருந்தா அதை ஒட்டவே முடியாது, தூக்கிப் போட்டுட்டு புது டியூப் மாட்டுங்க. காத்து கம்மியா ஓட்டி டயர் வழுக்கி வால்வு சாஞ்சு நின்னாலோ, பம்ப்பைப் போட்டு ஆட்டி ஆட்டி அடிச்சாலோ இது வரும்.

எங்கயும் ஓட்டையே காணோம், ஆனா இறங்குது: வால்வு மேல எச்சில் தடவிப் பாருங்க, குமிழ் வந்தா வால்வுதான். பழைய டைப் சைக்கிள் வால்வுன்னா வால் டியூப் மாத்துனா முடிஞ்சுது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் கடையில கேளுங்க, அண்ணன் டப்பாவைத் தொறந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பாரு.

இங்கதான் பிளானிங் வருது. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கவர்மென்ட் சைக்கிள் குடுக்கிறதால டெல்டாவுல சின்ன ஊர்லயும் சைக்கிள் ரிப்பேர் கடை இருக்கு, ஆனா அங்க இருக்கிறது அந்த சைக்கிளுக்கான சாமான். உங்க வண்டி 700சி வீல், ஒல்லி ப்ரெஸ்டா வால்வுன்னா அங்க டியூபும் கிடைக்காது, அவங்க பம்ப்பும் மாட்டாது. ரெண்டு ஸ்பேர் டியூப், ஒரு ப்ரெஸ்டா அடாப்டர் (சுண்டு விரல் நகம் அளவு பித்தளை துண்டு, விலை ரொம்ப கம்மி) கட்டாயம். மோட்டார் பைக் மாதிரி தடிச்ச வால்வுன்னா கவலையே இல்ல, எந்த டயர் கடை கம்ப்ரஸர்லயும் அடிச்சுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கச் சொல்லுங்க, லாரி டயர் ஞாபகத்துல அமுக்குனா டமார்.

செயின் கடகடங்குது, கியர் தானா தாவுது

தை கடைசியில சம்பா அறுப்பு நடக்கும், ரோட்லயே நெல்லு காயும், வைக்கோல் பரத்தியிருப்பாங்க. மாசி பங்குனியில உளுந்துச் செடி, பயித்தஞ்செடி. வண்டி ஏறி ஏறி மணி தானா உதிர்ந்துடும்னு வேணும்னேதான் போடுறாங்க. கார் போயிடும், நீங்க போனா வைக்கோல் சுருண்டு பின் சக்கரத்துல கியருக்கும் போக்ஸுக்கும் நடுவுல போயி இறுகும். சத்தம் மாறுன உடனே மிதிக்கிறதை நிறுத்துங்க. அழுத்தி மிதிச்சா அந்த தேரயில்லர் (செயினை ஒரு கியர்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பாகம்) கை வளைஞ்சு போக்ஸுக்குள்ள போயி மொத்த ட்ரிப்பும் அங்கயே முடியும். இறங்கி, பெடலை பின்பக்கமா சுத்தி, கையால பிச்சு எடுங்க, கத்தி வேணாம். நெல்லு காய்ற இடத்துல இறங்கித் தள்ளிட்டுப் போறதுதான் மரியாதையும் கூட, அது அவங்க சாப்பாடு.

வைக்கோல் எதுவும் இல்லாம கியர் தாவுதுன்னா கேபிள் இழுபட்டிருக்கும், பின்னாடி கேபிள் வந்து சேர்ற இடத்துல ஒரு சின்ன திருகு இருக்கு, அதை அரை அரை சுத்தா வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க. சைக்கிள் ஒரு தடவை வலப்பக்கம் விழுந்த பிறகு ஆரம்பிச்சிருந்தா திருகுல சரியாகாது, ஹேங்கர் (தேரயில்லரை ஃப்ரேம்ல பிடிச்சிருக்கிற துண்டு) வளைஞ்சிருக்கு, உங்க மாடலுக்கான ஹேங்கர் ஒண்ணு முன்னாடியே வாங்கி வச்சிருந்தா பத்து நிமிஷ வேலை, இல்லைன்னா ரெண்டே கியர்ல ஓட்டி முடிக்க வேண்டியதுதான், சமதளம், ஓட்டிடலாம்.

பூம்புகாருக்கு அப்புறம் உப்புக்காத்தும் மணலும். ராத்திரி துணியால செயினைத் துடைச்சுட்டு ஆயில் விட்டு, மேல இருக்கிறதை மறுபடி துடைச்சு எடுத்துடணும், ஈரமா பளபளன்னு விட்டா மணல் ஒட்டி அரைக்கும். ஆயில் தீந்துட்டா தையல் மெஷின் ஆயில் ஒருநாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் வேணாம், பிசுக்குப் பிடிச்சுக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில போயிட்டு "கரை ரோட்ல சக்கரம் சுத்தவே மாட்டேங்குது"ன்னு கேக்கிறவங்களுக்கு: அது களிமண்ணு, மட்கார்டுக்குள்ள போயி அடைச்சுக்கிச்சு. குச்சியால நோண்டிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிடுங்க. அந்த மாசத்துல கரை ரோடு பிளானே தப்பு.

டங்குன்னு ஒரு சத்தம், அப்புறம் சக்கரம் கோணலா சுத்துது

பின் சக்கரத்துல போக்ஸ் கம்பி உடைஞ்சிருக்கு, பெரும்பாலும் செயின் இருக்கிற பக்கம். உடைஞ்ச கம்பியை பக்கத்து கம்பியில சுத்தி விடுங்க, பிரேக் உரசுனா பின் பிரேக்கை லூஸ் பண்ணிட்டு முன் பிரேக்கை வச்சு மெதுவா அடுத்த டவுன் வரைக்கும் போங்க. ஒண்ணு உடைஞ்சதோட அப்படியே நாளைக்கும் ஓட்டலாம்னு நினைக்காதீங்க, அதோட பாரம் பக்கத்துல இருக்கிறதுக்குப் போகும், அடுத்தது சீக்கிரம் போகும். கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாதிரி ஊர்ல கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச பழைய ஆளுங்க இருக்காங்க, ஆனா உங்க நீளத்துக்கு கம்பி இருக்காது. வலது இடது நீளம் வேற வேற, அதனால அளவெடுத்து ரெண்டு ரெண்டு வாங்கி டேப் போட்டு ஃப்ரேம்லயே ஒட்டிடுங்க. கேசட் (பின் சக்கரத்து பல்சக்கர அடுக்கு) கழட்டுற டூல் உங்ககிட்ட இல்லைன்னா செயின் பக்கத்து கம்பியை மாத்தவே முடியாது, அதையும் பையில போடுங்க. இதுக்கெல்லாம் மூல காரணம் கடையில வாங்குன அன்னைலேர்ந்து சக்கரத்தை ஒருத்தரும் டைட் பண்ணாததுதான், கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரு தடவை கோட்டம் பாத்து இறுக்கிக் குடுங்கன்னு சொல்லி வாங்குங்க.

முட்டி வலி, கை மரப்பு, உக்கார முடியல

முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட்டு தாழ்வா இருக்கு, இல்ல கனமான கியர்ல மிதிக்கிறீங்க. பின்பக்கம் வலிச்சா சீட்டு உசரம். மாத்துறதுன்னா ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர்தான், பழைய அளவுல டேப் ஒட்டி வச்சுட்டு மாத்துங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுதுன்னா உள்ளங்கை ஓரத்துல நரம்பு அமுங்குது, கையை இடம் மாத்தி மாத்தி வைங்க, சீட்டு முன்பக்கமா சாஞ்சிருக்கான்னு பாருங்க, சாஞ்சிருந்தா உடம்பு பாரம் முழுக்க கைக்குத்தான் போகும்.

உக்கார்ற இடம் புண்ணா ஆனா பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போட்டிருப்பீங்க, அதைக் கழட்டுங்க, தையல்தான் அறுக்குது. மெத்து மெத்துன்னு சீட்டு கவர் வாங்கி மாட்டுறது முதல் நாள் சுகம், ரெண்டாம் நாள் நரகம். ராத்திரி கழுவி காய வச்சு, காலையில வாசலின். கொப்புளத்துல சீழ் பிடிச்சா ஒருநாள் ரெஸ்ட், அதுக்கு சமாதானமே கிடையாது.

தலை கிர்ருங்குது, காரணமில்லாம எரிச்சல் வருது

கூட வர்றவர் திடீர்னு எல்லாத்துக்கும் சண்டை போடுறாருன்னா முதல்ல கடலை மிட்டாயை நீட்டுங்க, பாதி சண்டை பசியில வர்றது. கை நடுக்கம், கண்ணு இருட்டு, கால்ல பலமே இல்லாத மாதிரி எல்லாம் சாப்பாடு குறைஞ்ச லட்சணம்.

தண்ணி நிறைய குடிச்சும் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் சுருட்டுதுன்னா உப்பு போதல. வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா இன்னும் மோசமாகும். மோர்ல உப்பு, இளநீர், நீராகாரம், எதுவும் இல்லைன்னா ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, சின்ன பாக்கெட்டை ஒரு லிட்டர்ல கரைச்சு குடிச்சுட்டு பலனில்லன்னு சொல்லக் கூடாது. வீட்டு முறைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பேச்சு குளறுது, ஆள் தடுமாறுது, உடம்பு அனலா கொதிக்குதுன்னா அது வேற லெவல், நிழல்ல படுக்க வச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108க்கு போன் போடுங்க.

கடலோரத்துல பல இடத்துல அடிபம்ப் தண்ணி உப்பு கரிக்கும். வேளாங்கண்ணியிலேர்ந்து வேதாரண்யம் 40 கிமீக்கு மேல, கிளம்பும்போதே ரெண்டு மூணு லிட்டர் ரொப்பிக்கோங்க.

டென்ட் போட இடமே குடுக்க மாட்டேங்கறாங்க

இருட்டுனதுக்கு அப்புறம் கேட்டிருப்பீங்க. 4:30, 5 மணிக்கே ஊருக்குள்ள போயி டீக்கடையில உக்காந்து டீ குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் அவங்க கேக்கிற கேள்விக்கெல்லாம் (எந்த ஊரு, எதுக்கு சைக்கிள்ல, பைக் இல்லையா, கல்யாணம் ஆயிடுச்சா) பதில் சொல்லிட்டு அப்புறம் கேளுங்க: "அண்ணே, ராத்திரி ஒருபொழுது களத்துல டென்ட் போட்டுக்கலாமா, காலையில வெள்ளென கிளம்பிடுவோம், யாரை கேக்கணும்?" இந்த "யாரை கேக்கணும்"ங்கிறதுதான் முக்கியம், அவரே பிரசிடென்ட்டுக்கோ கோயில் ஆளுக்கோ போன் போட்டுக் கொடுத்துடுவாரு. பெரும்பாலும் "டென்ட்டு எதுக்கு தம்பி, திண்ணையில படுங்க"ன்னு முடியும். ஆதார் கையில இருக்கட்டும். கடலோரத்துல ராத்திரி போலீஸ் வந்து விசாரிச்சா கோவப்படாதீங்க, யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்களோ அவங்க பேரைச் சொல்ற மாதிரி இருக்கணும்.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலேர்ந்து ராஜாஜி தலைமையில உப்பு எடுக்க நடந்தே கிளம்புனவங்க ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் போய் சேந்தாங்க. இவங்களுக்கு சோறோ தங்க இடமோ கொடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் மிரட்டியும் வழியில சனங்க சாப்பாடு போட்டாங்க. அந்த ஜில்லாவுலதான் இடம் கேக்குறோம், சும்மா கூச்சப்படாம கேளுங்க.

எங்க போடக் கூடாதுன்னா: தென்னை மரத்தடி (மட்டை விழுந்தாலே போதும், காயே வேணாம்), ஆத்து மணல் (மேட்டூர் வழக்கமா ஜூன் 12லேர்ந்து ஜனவரி 28 வரைக்கும் திறந்திருக்கும், மேல ஷட்டரைத் தூக்குனா உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டாங்க), கொள்ளிடத்துல குளிக்கிற ஆசையையும் விட்டுடுங்க, மணல் அள்ளுன குழி எங்க இருக்குன்னு மேலேர்ந்து தெரியாது. அப்புறம் கோடிக்கரை சரணாலயத்துக்குள்ள டென்ட் யோசனையே வேணாம், வெளிமானையும் பூநாரையையும் பகல்ல பாத்துட்டு ராத்திரிக்கு வேதாரண்யத்துல ரூம் போடுங்க.

டென்ட் நிக்கல, இல்ல உள்ள நனைஞ்சு போகுது

சிமெண்ட் களத்துல முளை அடிக்க முடியாது, மணல்ல அடிச்சா நிக்காது. அதனால கம்பி போட்டா தானா நிக்கிற டென்ட்டா வாங்குங்க, மூலைக்கு மூலை உள்ளேர்ந்து பையை வச்சுடுங்க. மணல்னா கேரி பேக்ல மணல் ரொப்பி கயிறு கட்டி புதைச்சுடலாம்.

காலையில உள்பக்கம் சொட்டுதுன்னா டென்ட் ஓட்டைன்னு கடைக்காரரைத் திட்டாதீங்க, உங்க மூச்சுக்காத்துதான். மேல் துணியை ஒரு பக்கம் சுருட்டி விட்டு கொசுவலை வழியா காத்து போக விடுங்க, ஆத்துக்கு ரொம்ப கிட்ட போடாதீங்க. ஈரத்தோட மடிச்சுட்டா மதியம் சாப்பிட நிறுத்துற இடத்துல விரிச்சுப் போட்டா அரை மணியில காயும்.

ஜிப்பை மட்டும் எப்பவும், பகல்லயும், மூடியே வைங்க. கொசுவுக்காக மட்டும் சொல்லல. வயக்காட்டுல எலி இருக்கிற இடத்துல பாம்பு இருக்கும், அதுல கட்டுவிரியன் ராத்திரி தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும், வலியே தெரியாமலும் போகலாம், பல் தடமும் தெரியாம இருக்கலாம். விடியக்காலம் ஒருத்தர் வயித்து வலின்னு எழுந்திரிச்சு, கண் இமை தூக்க முடியல, முழுங்க முடியலன்னு சொன்னா சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைச்சு சோடா வாங்கிக் குடுக்காதீங்க, நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி. கட்டு போடுறது, கீறுறது, பச்சிலை எதுவும் வேணாம், ஆடாம அசையாம கொண்டு போங்க. ராத்திரி டார்ச் இல்லாம ஒண்ணுக்குப் போகக் கூடாது, காலையில ஷூவை உதறித்தான் மாட்டணும்.

நாய் துரத்துது

மிதிச்சு தப்பிக்கலாம்னு லோடு சைக்கிள்ல நினைக்காதீங்க. நின்னு, இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல சைக்கிள் இருக்கிற மாதிரி தள்ளிக்கிட்டே நடங்க, பெரும்பாலும் நாலு குரை குரைச்சுட்டு அதோட எல்லை முடிஞ்சதும் நின்னுடும். கடிச்சிடுச்சுன்னா, கீறல்னாலும், சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போட்டுடணும், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இலவசம், ட்ரிப் முடிச்சுட்டு போட்டுக்கலாம்னு தள்ளவே கூடாது.

முடிச்சாச்சு, சைக்கிளை எப்படி ஊருக்குக் கொண்டு போறது

இதை கிளம்புறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும், முக்கால்வாசி பேர் யோசிக்கிறதில்ல. ட்ரெயின்ல சைக்கிளை பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணி பிரேக் வேன்ல (சாமான் ஏத்துற பெட்டி) ஏத்தலாம், ஆனா சின்ன ஸ்டேஷன்ல வண்டி ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், ஏத்தறதுக்குள்ள கிளம்பிடும். மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாதிரி ஜங்ஷன்லேர்ந்து ஏறுறது புத்திசாலித்தனம், ஒருநாள் முன்னாடியே பார்சல் ஆபீஸுக்குப் போயி எந்த ட்ரெயின்ல ஏத்துவாங்க, எத்தனை மணிக்குக் கொண்டு வரணும்னு கேட்டுக்கோங்க. பெடலைக் கழட்டி, ஹேண்டிலைத் திருப்பி, தேரயில்லர் பக்கம் அட்டை வச்சு சாக்கு சுத்தி கட்டுங்க, லைட்டு, பாட்டில், மீட்டர் எல்லாத்தையும் கழட்டி கையோட வச்சுக்கோங்க, பேரும் போன் நம்பரும் ரெண்டு இடத்துல எழுதி ஒட்டுங்க. நாலு பேர் சேந்து போயிருந்தீங்கன்னா வேதாரண்யத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு ஒரு குட்டியானை வண்டி பேசிட்டா சைக்கிள் பிரிக்கிற வேலையே இல்ல, வாடகையை மட்டும் ஏறுறதுக்கு முன்னாடி பேசிடுங்க.